பசரு, கட்டு, பொடி: எல்லையோர வாசகர்களின் கேள்விகளும் பதில்களும்

நகரி, பள்ளிப்பட்டு, ஆர்.கே.பேட்டை, சித்தூர், குடியாத்தம் எனத் தமிழக–ஆந்திர எல்லையோர ஊர்களிலிருந்து வந்த கேள்விகள் இந்த இதழில். உடல்நலம் பற்றியவை என்பதால் பெயர்களை விட்டுவிட்டு ஊரை மட்டும் தருகிறோம்.

என் தம்பிக்கு 19 வயது. மஞ்சள் காமாலை வந்து பிலிரூபின் 7.2 இருக்கிறது. ஆந்திரப் பக்கம் ஒரு கிராமத்தில் காலையில் வெறும் வயிற்றில் பசரு (பச்சிலைச் சாறு) ஊற்றுகிறார்கள். மூன்று வேளை குடித்தால் இறங்கிவிடும் என்று எங்கள் தெருவிலேயே பத்துப் பேர் சொல்கிறார்கள். பத்துப் பேருமா பொய் சொல்வார்கள்?
*– வாசகர், பள்ளிப்பட்டு*

யாரும் பொய் சொல்லவில்லை. பசரு குடித்தார்கள், காமாலையும் இறங்கியது. முதலாவதால்தான் இரண்டாவது நடந்ததா என்பதே கேள்வி.

இந்த வயதில் வரும் காமாலை பெரும்பாலும் அசுத்தக் குடிநீர் வழியே வரும் ஹெபடைடிஸ் ஏ அல்லது ஈ வைரஸால் வருவது. இரண்டுக்குமே வழக்கமாகத் தனி மருந்து தேவைப்படுவதில்லை. உடலே வைரஸை விரட்டிவிடும். கண் மஞ்சளாகத் தெரிய வேண்டுமானால் ரத்தத்தில் பிலிரூபின் 100 மில்லிக்கு ஏறத்தாழ 3 மில்லிகிராமைத் தொட வேண்டும். அதற்கு முன்பே காய்ச்சல், குமட்டல், சோற்றைக் கண்டால் வெறுப்பு எல்லாம் வந்து சில நாள் ஓடியிருக்கும். கண்ணைப் பார்த்துப் பயந்து, விசாரித்து, வண்டி பிடித்துப் பசரு வாங்கப் போகும் நாளில் பலருக்கு வைரஸ் உச்சத்தைத் தாண்டியிருக்கும். அடுத்த சில வாரங்களில் மஞ்சள் தானாக இறங்கும். அந்த நேரத்தில் பசரு குடித்தாலும் இறங்கும், பானகம் குடித்தாலும் இறங்கும். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதை.

பத்துப் பேர் சாட்சி சொல்வதில் இன்னொரு ஓட்டையும் இருக்கிறது. பசரு குடித்தும் மோசமாகி வேலூருக்கோ திருப்பதிக்கோ கொண்டுபோகப்பட்டவர் உங்கள் தெருவுக்கு வந்து சாட்சி சொல்வதில்லை. பசரு ஊற்றுகிறவரிடமும் அந்தக் கணக்கு இருக்காது. அவர் நேர்மையானவராகவே இருக்கலாம். போனவர்கள் திரும்பி வராததை எல்லாம் குணமானதாகவே எடுத்துக்கொண்டிருப்பார்.

"கீழாநெல்லிக்கு ஆராய்ச்சியே இருக்கிறதே" என்று அடுத்துக் கேட்பீர்கள். இருக்கிறது, அதுவும் சென்னையில் நடந்தது. எஸ்.பி. தியாகராஜனும் குழுவினரும், ஹெபடைடிஸ் பி வைரஸைக் கண்டுபிடித்து நோபல் பரிசு பெற்ற புளும்பெர்க்கும் சேர்ந்து 1988இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியிட்டார்கள். 30 நாள் கீழாநெல்லி வகை மருந்து எடுத்த 37 பேரில் 22 பேருக்கு ரத்தத்தில் ஹெபடைடிஸ் பி அடையாளப் புரதம் மறைந்தது. வெற்று மாத்திரை எடுத்த 23 பேரில் ஒருவருக்குத்தான் மறைந்தது. அசத்தலான முடிவுதான். ஆனால் அதைத் தாய்லாந்தில் திரும்பச் செய்து பார்த்தபோது அந்தப் பலன் கிடைக்கவில்லை. 2011இல் காக்ரேன் அமைப்பு எல்லா ஆய்வுகளையும் சேர்த்து அலசி, நம்பும்படியான ஆதாரம் இல்லை என்றது. இன்னொன்றையும் கவனியுங்கள்: அந்த ஆய்வில் இருந்தவர்கள் ஹெபடைடிஸ் பி வைரஸைத் தாங்கியிருந்தவர்கள். உங்கள் தம்பிபோல் திடீர்க் காமாலை வந்தவர்கள் அல்ல. கீழாநெல்லியை ஆராய்ந்தவர்களைக் குறை சொல்ல ஒன்றுமில்லை, சோதித்துப் பார்த்ததே பெரிய காரியம். சோதனையின் முதல் பாதியை மட்டும் நோட்டீஸில் அச்சடிப்பவர்களைத்தான் சொல்ல வேண்டும்.

தம்பிக்குச் செய்ய வேண்டியவை: மொத்த பிலிரூபின், நேரடி பிலிரூபின், எஸ்ஜிஓடி, எஸ்ஜிபிடி, அல்கலைன் பாஸ்படேஸ், ஐஎன்ஆர், ஹெபடைடிஸ் பி–க்கான எச்பிஎஸ்ஏஜி ஆகிய ரத்தப் பரிசோதனைகள், வயிற்றுக்கு ஒரு ஸ்கேன். இவற்றில் பலரும் விட்டுவிடுவது ஐஎன்ஆர், அதாவது ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் அளவு. பிலிரூபின் 15 இருந்தும் ஐஎன்ஆர் சரியாக இருப்பவர் பெரும்பாலும் தேறிவிடுவார். பிலிரூபின் 8தான், ஆனால் ஐஎன்ஆர் 1.5ஐத் தாண்டி, ஆளும் பிதற்றுகிறார் அல்லது பகலெல்லாம் தூங்கி வழிகிறார் என்றால் கல்லீரல் கைவிடுகிறது என்று பொருள். அன்றைக்கே பெரிய ஆஸ்பத்திரி. மலம் சுண்ணாம்பு நிறத்தில் போய், உடம்பெல்லாம் அரிப்பெடுத்தால் பித்தநாளம் அடைபட்டிருக்கலாம். கல்லோ கட்டியோ, அதைப் பசரு கரைக்காது. நடுவயதைத் தாண்டியவருக்கு வலியில்லாமல் காமாலை ஏறிக்கொண்டே போனால் கணையப் புற்றுநோய் இல்லை என்று முதலில் உறுதி செய்ய வேண்டும். கர்ப்பிணிக்குக் கடைசி மூன்று மாதத்தில் ஹெபடைடிஸ் ஈ வந்தால் நூற்றுக்கு 20 முதல் 25 பேர் வரை இறக்க நேர்கிறது. அவரைப் பசருக்கு அழைத்துப் போவதில் கழியும் இரண்டு நாள்கூட அதிகம்.

பத்தியத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. உப்பில்லாமல், எண்ணெய் இல்லாமல் கஞ்சியை மட்டும் குடித்தால்தான் கல்லீரல் தேறும் என்பதற்கு ஆதாரம் இல்லை. குமட்டல் அனுமதிக்கிற அளவுக்குச் சோறு, பருப்பு, முட்டை, மோர் எல்லாம் சாப்பிடலாம். மது கூடவே கூடாது. காய்ச்சல் மாத்திரையைக்கூட மருத்துவரைக் கேட்டுத்தான் போட வேண்டும். "காமாலைக்கு நல்லது" என்று ரோட்டோரக் கரும்புச்சாறு வாங்கித் தருவது நம் ஊர் வழக்கம். அந்த வண்டியில் போடும் ஐஸ் அசுத்தத் தண்ணீரில் செய்ததாக இருந்தால் ஹெபடைடிஸ் ஏ அதிலிருந்தே வரலாம்.

பச்சிலைதானே, என்ன செய்துவிடும் என்றும் இருக்க வேண்டாம். எதிர்ப்புச் சக்திக்கென்று சீந்தில் கொடியைச் சாப்பிட்ட 6 பேருக்குக் கல்லீரல் கெட்டதை மும்பை மருத்துவர்கள் 2021இல் பதிவு செய்தார்கள். ஏற்கெனவே வீங்கிய கல்லீரலில் பெயர் தெரியாத சாற்றை ஊற்றினால், பிறகு கெடுத்தது வைரஸா சாறா என்று மருத்துவருக்கும் தெரியாமல் போகும்.

கையில் தண்ணீர் ஊற்றிக் காமாலையை இறக்குகிறார்கள். தண்ணீர் மஞ்சளாக வடிவதை என் கண்ணாலேயே பார்த்தேன். அது எப்படி?
*– வாசகி, நகரி*

மாமரப் பட்டைச் சாற்றைக் கையில் தடவிச் சுண்ணாம்புத் தெளிவில் கழுவினால் மஞ்சள் இறங்கும். பட்டையில் உள்ள துவர்ப்புப் பொருள் சுண்ணாம்போடு சேர்ந்து நிறம் மாறுகிறது. காமாலையே இல்லாத ஒருவரை அடுத்த முறை வரிசையில் நிற்க வையுங்கள். அவர் கையிலிருந்தும் அதே மஞ்சள் வடியும். பிலிரூபின் வெளியேறுவது மலத்திலும் சிறுநீரிலும்தான், உள்ளங்கை வழியாக அல்ல.

என் பேரனுக்கு 6 வயது. மரத்திலிருந்து விழுந்து முழங்கையில் வீக்கம். எங்கள் குடும்பத்தில் மூன்று தலைமுறையாகப் புத்தூர் கட்டுதான். ஆஸ்பத்திரிக்குப் போனால் கம்பி வைக்க வேண்டும் என்கிறார்கள். கட்டுக்கே போகலாமா?
*– வாசகர், ஆர்.கே.பேட்டை*

முழங்கைக்குப் போகாதீர்கள், அதுவும் குழந்தையின் முழங்கைக்கு.

பசருக்கும் கட்டுக்கும் ஒரு வித்தியாசம் உண்டு, அதை ஒப்புக்கொள்ள வேண்டும். கட்டு ஒரு நிஜமான வேலையைச் செய்கிறது. எலும்பு விலகாமல் வெறும் விரிசல் விட்டிருந்தால் அசையாமல் வைத்தால் போதும், தானே கூடும். மூங்கில் பத்தையும் முட்டை வெள்ளைக்கருவில் தோய்த்த துணியும் அதைச் செய்யும், மாவுக்கட்டும் செய்யும். காறையெலும்பு முறிவு ஒரு தூளியில் கையைத் தொங்கவிட்டாலே பெரும்பாலும் கூடிவிடும். மூன்று தலைமுறை அனுபவம் என்று நீங்கள் சொல்வதில் பெரும்பங்கு இப்படிப்பட்ட முறிவுகளாக இருக்கும். (புத்தூர் பெயரைப் பலகையில் எழுதிக்கொண்டு தமிழ்நாடு முழுக்க நடக்கும் கடைகளுக்கும் புத்தூருக்கும் என்ன தொடர்பு என்பதைக் கடைக்காரர்தான் சொல்ல வேண்டும்.)

கையை ஊன்றி விழும் குழந்தைக்கு மேல்கை எலும்பு முழங்கைக்குச் சற்று மேலே முறியும். 5 முதல் 8 வயதுக்குள் இது மிகச் சாதாரணம். முறிந்த முனைக்கு நேர் முன்னால் கைக்கு ரத்தம் கொண்டுபோகும் பெருந்தமனியும் நரம்புகளும் ஓடுகின்றன. அடிபட்ட முதல் ஒன்றிரண்டு நாள் வீக்கம் ஏறிக்கொண்டே இருக்கும். அப்போது சுற்றிலும் இறுக்கிக் கட்டினால் வீக்கத்துக்குப் போக இடமில்லை. துணியில் உள்ள வெள்ளைக்கரு உலர உலர விறைத்துப் போகும், கொஞ்சமும் விட்டுக்கொடுக்காது. உள்ளே அழுத்தம் ஏறித் தசைக்குப் போகும் ரத்தம் நின்றுவிடும். ஏறக்குறைய 6 மணி நேரத்துக்கு மேல் அப்படி இருந்தால் தசை சாகத் தொடங்கும். செத்த தசை வடுவாகிச் சுருங்கி, விரல்கள் மடங்கியபடியே நின்றுவிடும். இதற்கு வோல்க்மன் சுருக்கம் என்று பெயர். எலும்பு நேராகக் கூடியிருக்கும், கை உதவாது.

யார் கட்டினாலும், ஆஸ்பத்திரி மாவுக்கட்டாகவே இருந்தாலும், முதல் 48 மணி நேரம் இவற்றைப் பாருங்கள். வலி குறைவதற்குப் பதில் ஏறுகிறதா? மடங்கிய விரலை நீங்கள் மெல்ல நிமிர்த்தும்போது குழந்தை அலறுகிறதா? விரல் வெளுத்தோ நீலமாகவோ சில்லென்றோ இருக்கிறதா? நகத்தை அழுத்திவிட்டால் 2 விநாடிக்குள் சிவப்பு திரும்புகிறதா? மரத்துப்போனதாகச் சொல்கிறதா? விரலை நிமிர்த்தும்போது வரும் வலிதான் முதலில் தெரியும் அடையாளம். நாடி நிற்பது கடைசியில்தான். "நாடி துடிக்கிறது, ஒன்றுமில்லை" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

சந்தேகம் வந்தால் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. கட்டை மேலிருந்து கீழ்வரை, உள்ளே உள்ள பஞ்சு, துணி உட்பட, தோல் தெரியும்வரை வெட்டிப் பிரித்துவிடுங்கள். பாதி தளர்த்தினால் போதாது. கையை நெஞ்சு மட்டத்தில் வைத்துக்கொண்டு கிளம்புங்கள். உயரத் தூக்கினால் ரத்தம் இன்னும் குறையும். எலும்பு விலகினால் விலகட்டும், அதைப் பிறகு சரிசெய்யலாம்.

எண்ணெய் போட்டு உருவுவதும் முழங்கைக்கு ஆகாது. அடிபட்ட தசையைப் பிசைந்தால் அதற்குள்ளேயே எலும்பு முளைத்து மூட்டு இறுகிப்போகலாம். தோல் கிழிந்து எலும்பு வெளியே தெரிந்தால் எந்தப் பச்சிலையும் அதன்மேல் படக் கூடாது. சுத்தமான ஈரத்துணியால் மூடி, ஆன்டிபயாடிக்கும் டெட்டனஸ் ஊசியும் கிடைக்கும் இடத்துக்கு உடனே போக வேண்டும். வழுக்கி விழுந்து இடுப்பு மூட்டருகே தொடை எலும்பு முறிந்த பாட்டியைக் கட்டிப் படுக்க வைப்பதும் இதே வகைத் தவறு. தொடை எலும்பின் கழுத்துப் பகுதிக்கு ரத்த ஓட்டம் குறைவு. கட்டினால் எலும்பு ஒன்றுசேராது, படுக்கைப் புண்ணும் நிமோனியாவும்தான் வரும்.

அந்தக் கம்பியைப் பற்றிப் பயம் வேண்டாம். விலகிய முழங்கை முறிவை நேராக்கி, தோல் வழியாக இரண்டு மூன்று மெல்லிய கம்பிகளைச் செருகுவார்கள். மூன்று நான்கு வாரத்தில் உருவிவிடுவார்கள்.

விசைத்தறியில் நின்றே வேலை. முழங்கால் வலிக்குச் சந்தையில் ஒரு பொடி வாங்கினேன். இரண்டே நாளில் வலி போய்விட்டது. ஐந்து மாதமாகச் சாப்பிடுகிறேன். இப்போது முகம் உப்பியிருக்கிறது, பசி அதிகம். பொடியை நிறுத்தினால் எழுந்திருக்கவே முடியவில்லை. மூலிகைக்குப் பக்கவிளைவு உண்டா?
*– வாசகர், பொதட்டூர்பேட்டை*

நீங்கள் எழுதியிருப்பது ஸ்டீராய்டின் அங்க அடையாளம். பல வருட மூட்டு வலியை இரண்டு நாளில் துடைத்தெடுக்கும் மூலிகை கிடையாது. டெக்ஸாமெத்தசோன், பிரெட்னிசொலோன் மாத்திரைகளைப் பொடித்து மூலிகைத் தூளில் கலந்து விற்பது பழைய வித்தை.

முக்கியமான எச்சரிக்கை: கோபத்தில் இன்றே குப்பையில் போட்டுவிடாதீர்கள். சில வாரங்களுக்கு மேல் வெளியிலிருந்து ஸ்டீராய்டு வந்துகொண்டிருந்தால் சிறுநீரகத்தின் மேலுள்ள அட்ரீனல் சுரப்பி தன் உற்பத்தியைக் குறைத்துக்கொண்டுவிடும். திடீரென்று நிறுத்தினால் சோர்வு, வாந்தி, ரத்த அழுத்தம் சரிவது, மயக்கம் என உயிருக்கே ஆபத்தாகலாம். பொட்டலத்தோடு அரசு மருத்துவமனைப் பொது மருத்துவரிடம் போங்கள். காலை 8 மணிவாக்கில் கார்டிசால் (அட்ரீனல் சுரக்கும் ஸ்டீராய்டு) ரத்தப் பரிசோதனை, சர்க்கரை, ரத்த அழுத்தம் பார்த்து, தெரிந்த அளவு ஸ்டீராய்டு மாத்திரைக்கு மாற்றிப் படிப்படியாகக் குறைப்பார்கள். இருமல், இரவுக் காய்ச்சல் இருந்தால் அதையும் சொல்லுங்கள். உறங்கிக் கிடக்கும் காசநோயை ஸ்டீராய்டு எழுப்பிவிடும்.

முறையான சித்த, ஆயுர்வேத மருந்தின் லேபிளில் தயாரிப்பாளர் முகவரி, உற்பத்தி உரிம எண், தொகுதி எண், தயாரித்த தேதி, சேர்மானப் பட்டியல் இருக்க வேண்டும். இவை இல்லாமல் பாலிதீன் கவரில் வருவது மருந்தே அல்ல. தமிழகப் பக்கம் என்றால் மாவட்ட சித்த மருத்துவ அலுவலரிடம் புகார் தரலாம். கீல்வாதம், சர்க்கரை நோய், புற்றுநோய், மலட்டுத்தன்மை உள்ளிட்ட நோய்களைக் குணமாக்குவதாக விளம்பரம் செய்வதே 1954ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாய நிவாரணங்கள் சட்டப்படி குற்றம். முதல் முறைக்கு 6 மாதம் வரை சிறை. அந்தச் சட்டம் தூங்குகிறது என்பது வேறு விஷயம்.

சர்க்கரைக்கு மூன்று மாதத்தில் மாத்திரையை நிறுத்திவிடலாம் என்று ஒருவர் கசாயம் தருகிறார். சாப்பிடலாமா?
*– வாசகர், சித்தூர்*

மாத்திரையை நிறுத்தாமல், கசாயம் குடிப்பதை மருத்துவரிடம் சொல்லி, முன்னும் மூன்று மாதம் கழித்தும் எச்பிஏ1சி (மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) எடுத்துப் பாருங்கள். கசாயக்காரர் இதற்குத் தயங்கினால் அதுவே விடை. முதல் வகைச் சர்க்கரை உள்ள பிள்ளைக்கு மட்டும் இப்படிக் கசாயத்தைச் சோதித்துப் பார்ப்பதுகூட வேண்டாம். இன்சுலினை நிறுத்தினால் ஓரிரு நாளில் ரத்தம் அமிலமாகி உயிர் போகும்.

எதற்கெடுத்தாலும் நாட்டு வைத்தியத்தைக் குறை சொல்கிறீர்கள். சித்த மருத்துவத்துக்கு எதிரியா நீங்கள்?
*– வாசகர், குடியாத்தம்*

சர்ப்பகந்தாவை எடுத்துக்கொள்ளுங்கள். நம் மண்ணின் வேர். மும்பை மருத்துவர் ருஸ்தம் ஜல் வக்கீல் அதை ரத்தக்கொதிப்பு நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்து, 1949இல் பிரிட்டன் இதய மருத்துவ இதழில் எழுதினார். அதிலிருந்து பிரித்த ரிசர்பின் உலகம் முழுக்க மாத்திரையாயிற்று. சிலருக்கு மனச்சோர்வு வருகிறது என்பதையும் கவனித்து எழுதிவைத்தார்கள். பிறகு அதைவிட நல்ல மருந்துகள் வந்ததும் ஒதுங்கிக்கொண்டது. எந்த மருந்திடமும் நாங்கள் கேட்பது இவ்வளவுதான்: எவ்வளவு கொடுத்தீர்கள், எத்தனை பேருக்குக் கேட்டது, எத்தனை பேருக்குக் கேட்கவில்லை, யாருக்கு என்ன கெடுதல் வந்தது. ஆங்கில மருத்துவர் எழுதும் தேவையில்லாத ஊசிக்கும் இதே கேள்விதான்.

உங்களுக்குப் பக்கத்திலேயே வேலூர் சிஎம்சி மருத்துவர்கள் 2022இல் வெளியிட்ட ஆய்வு, ஒருவகைச் சிறுநீரக நோய்க்கும் பாதரசம் கலந்த நாட்டு மருந்துகளுக்கும் உள்ள தொடர்பைக் காட்டியது. சிறுநீரில் புரதம் ஒழுகிக் கால் வீங்கும் நோய் அது. மருந்தை நிறுத்தியதும் பெரும்பாலோர் தேறினார்கள் என்பது ஆறுதல். 2023இல் கேரளத்தின் மலப்புரத்தில் அதே நோய் வந்தது முகம் வெளுக்கும் கிரீமால். அதிலும் பாதரசம். பற்பம், செந்தூரம் என உலோகம் சேரும் மருந்து சாப்பிடுகிறவர் சிறுநீர் நுரைத்துப் போனாலோ காலையில் கண்ணிமை வீங்கினாலோ சிறுநீரில் புரதம் பார்த்துவிட வேண்டும். மிகச் சாதாரணச் சோதனைதான் அது.

நாய் கடித்தால் எங்கள் ஊரில் பச்சிலை அரைத்துக் கட்டி மந்திரிப்பார்கள். இதுவரை யாருக்கும் ஒன்றும் ஆனதில்லை. ஊசி அவசியமா? சித்தூரில் போட ஆரம்பித்து, வேலைக்காகத் திருத்தணி வந்துவிட்டால் மறுபடி முதலிலிருந்தா?
*– வாசகர், பரதராமி*

கடித்த எல்லா நாய்க்கும் வெறிநோய் இருப்பதில்லை, அதனால்தான் மந்திரம் பலிக்கிறது. இருந்துவிட்டால், பெரும்பாலும் ஒன்று முதல் மூன்று மாதம் கழித்து, மந்திரித்ததையே மறந்தபின் நோய் வரும். வந்தால் மரணம்தான்.

கடித்த உடனே ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள், கடிகாரம் பார்த்து. மிளகாய்த் தூள், சுண்ணாம்பு, காப்பித்தூள், பச்சிலை எதுவும் வேண்டாம். தையல் போடுவதையும் முடிந்தவரை தள்ளிப்போட வேண்டும். தோலில் போடும் ஊசி 0, 3, 7, 28ஆம் நாட்கள், ஒவ்வொரு முறையும் இரண்டு இடத்தில். தசையில் என்றால் இவற்றோடு 14ஆம் நாளும் உண்டு. ரத்தம் வரும்படி கடித்திருந்தால் காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலினும் (தடுப்பூசி வேலை செய்யும்வரை காக்கும் எதிர்ப்புப் புரதம்) செலுத்த வேண்டும். பலர் இதைக் கேட்டு வாங்குவதில்லை. முதல் நாள் கிடைக்காவிட்டால் முதல் ஊசியிலிருந்து 7 நாளுக்குள் போட்டுக்கொள்ளலாம்.

ஊர் மாறினாலும், தடுப்பூசியின் கம்பெனி மாறினாலும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. சித்தூரில் கொடுத்த சீட்டைப் பத்திரமாக எடுத்துக்கொண்டு திருத்தணி அரசு மருத்துவமனையில் காட்டுங்கள், விட்ட இடத்திலிருந்து போடுவார்கள்.